சுவரில் போடுகிற படம் எத்தனை வருசம் நிற்கும்?



இந்தக் கிழமை எபிசோட்டில் போன் கமராக்களைப் பற்றிக் கதைத்தோம். சென்சர், லென்ஸ், எடிட்டிங் எல்லாம் பார்த்தாச்சு. ஆனால் எடுத்த படம் கடைசியில் எங்கே போய்ச் சேருது? அனேகமாக கிளவுட்டில் கிடக்கிற ஆயிரக்கணக்கான படங்களுக்குள்ளேதான். அதில் ஒன்றையாவது எடுத்து, நல்ல காகிதத்தில் பிரிண்ட் போட்டு, பிரேம் பண்ணிச் சுவரில் மாட்ட என்ன செய்ய வேணும்? எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை? இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

முதலில் வீட்டில் ஒரு சின்ன வேலை. அம்மா அப்பாவின் கலியாண ஆல்பத்தைத் திறந்து பாருங்கோ. 70களிலோ 80களின் தொடக்கத்திலோ பிரிண்ட் போட்ட கலர்ப் படங்கள் என்றால், பல படங்கள் சிவந்து போயிருக்கும். வாழைமரத்தின் இலைகூடச் சிவப்புச் சாயலில் தெரியும். இப்ப அதற்குப் பக்கத்தில் அப்பம்மாவின் பழைய ஸ்டூடியோப் படத்தை வையுங்கோ. கறுப்பு வெள்ளை, கலியாண ஆல்பத்தைவிட இருபது வருசமாவது மூத்தது. ஆனால் சேலைக்கரையின் பூ வேலைகூட இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய தொழில்நுட்பம் எப்படி நின்றது, புதியது ஏன் மங்கியது?

கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் உருவத்தை உண்டாக்குவது வெள்ளி. ஜெலட்டின் படலம் ஒன்றுக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்கள் இருக்கும். ஸ்டூடியோக்காரர் அதை ஒழுங்காகத் தண்ணீரில் கழுவியிருந்தால், அது நூறு வருசம் தாக்குப்பிடிக்கக் கூடியது. கலர்ப் பிரிண்டில் வெள்ளி இல்லை. சயான், மெஜெண்டா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள்தான் இருக்கு. அந்தக் காலத்துச் சாயங்களில் சயான் மிகவும் பலவீனம். வெளிச்சமே படாமல் ஆல்பத்துக்குள் மூடி வைத்தாலும் அது மெல்ல மெல்லச் சிதைந்து போகும். நீலப்பச்சை போனால் மிச்சம் சிவப்புத்தானே.

படத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதை எந்தக் கமராவால் எடுத்தோம் என்பது இல்லை, எந்தப் பொருளால் பிரிண்ட் செய்தோம் என்பதுதான். எங்கட குடும்பங்களில் இது சின்ன விசயம் இல்லை. போரில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட பல குடும்பங்களிடம் ஆல்பமே இல்லை. பாஸ்போட்டோடு சேர்ந்து ஒன்றிரண்டு படங்கள் வந்திருந்தால் அதுவே பெரிய காரியம். அந்த ஒன்றிலிருந்து நீங்கள் இப்ப போடப் போகிற பிரிண்ட்தான் உங்கட பிள்ளைகள் பார்க்கப் போகிற பிரதியாக இருக்கலாம்.

அதனால் இரண்டு விசயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம். ஒன்று, காசு செலவழிக்கிற வரிசை: மை, காகிதம், மட்டை, கண்ணாடி, அதற்குப் பிறகுதான் பிரேம். கடையில் எல்லோரும் பிரேமின் மரத்தைத்தான் முதலில் தெரிவு செய்வார்கள், அதைத் தலைகீழாக்குங்கோ. இரண்டாவது, ஒரே ஒரு பிரதியாக இருக்கிற படத்துக்கு, திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யாதேங்கோ.

ஃபைலில் எவ்வளவு இருக்கு?

பிரிண்டுக்குத் தேவையான கணக்கு ஒன்றே ஒன்றுதான். கையில் எடுத்துப் பார்க்கிற படத்துக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் நல்லது. சுவரில் மாட்டி ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 150 முதல் 200 போதும்.

12 மெகாபிக்சல் போன் படம் ஒன்று 4032 × 3024 பிக்சல். அதை 300ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13 × 10 அங்குலம் வரும். 200 என்று எடுத்தால் 20 × 15 அங்குலம். அதாவது போன் படத்தை 30 × 40 சென்டிமீட்டரில் தாராளமாக பிரிண்ட் போடலாம்.

பிரச்சினை வாற இடம் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். நீளப் பக்கம் 1600 பிக்சலாகிப் போன படத்தை 300ஆல் வகுத்துப் பாருங்கோ, 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. மேசையில் வைக்கிற படத்துக்குச் சரி, வரவேற்பறைச் சுவருக்குக் காணாது. மாமா ஊரிலிருந்து படம் அனுப்புகிறார் என்றால், "மாமா, போட்டோவாக அனுப்பாமல் டொக்கியுமெண்டாக அனுப்புங்கோ" எண்டு சொல்லுங்கோ. அப்ப ஃபைல் சுருங்காமல் வரும்.

பழைய 4 × 6 அங்குலப் பிரிண்டை ஸ்கான் பண்ணுகிறீர்கள் என்றால் 600 டிபிஐ வையுங்கோ. அப்பதான் அசலைவிட இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டாலும் 300 பிக்சல் கிடைக்கும்.

திரையில் பளிச், காகிதத்தில் இருட்டு

முதல் முறை பிரிண்ட் எடுக்கிறவர்கள் அனேகமாகச் சொல்கிற குறை, "படம் இருட்டாக வந்திருக்கு" என்பதுதான். திரை தானே ஒளி விடுகிறது, காகிதம் தன்மேல் விழுகிற ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. போனை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் பண்ணினால், கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, படத்தை இருட்டாக விட்டுவிடும்.

பிரிண்டுக்காக எடிட் பண்ணுகிறவர்கள் மொனிட்டரின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கண்டெலா அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். அளக்கிற கருவி இல்லையா? ஒரு வெள்ளைக் காகிதத்தை மொனிட்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கோ. திரையில் இருக்கிற வெள்ளைப் பக்கமும் கையில் இருக்கிற காகிதமும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் வரைக்கும் குறையுங்கோ.

அடுத்தது நிறம். ஒவ்வொரு காகிதத்துக்கும் பிரிண்டருக்கும் சேர்த்து ஐசிசி புரொஃபைல் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். இந்தக் காகிதத்தில் இந்த மை எப்படித் தெரியும் என்பதை அது கொம்பியூட்டருக்குச் சொல்லும். நல்ல லாப் என்றால் அதை இலவசமாகத் தருவார்கள். ஃபோட்டோஷொப், லைட்ரூம் இரண்டிலும் சொஃப்ட் புரூஃப் என்ற வசதியில் அதைப் போட்டுப் பார்த்தால், பிரிண்ட் எப்படி வரும் என்று காசு கட்ட முதலே ஓரளவு விளங்கும். எதற்கும் பெரிய பிரிண்டுக்கு முதல் அதே காகிதத்தில் ஒரு சின்னச் சோதனைப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கோ.

பிரிண்டில் மூன்று வழி

முதலாவது சி-பிரிண்ட். ஒளி உணரும் காகிதத்தில் லேசரால் அல்லது எல்ஈடியால் ஒளி பாய்ச்சி, இரசாயனத்தில் கழுவி எடுப்பது. கலியாண ஆல்பத்தில் சிவந்துபோன அதே முறைதான், ஆனால் சாயங்கள் நிறையத் திருந்திவிட்டன. ஃபூஜியின் கிறிஸ்டல் ஆர்க்கைவ் மாதிரியான இன்றைய காகிதங்கள் வீட்டுச் சுவரில் சில பத்தாண்டுகள் நல்லா இருக்கும். தோலின் நிறம் மென்மையாக வரும், விலையும் குறைவு.

இரண்டாவது சாய மை இன்க்ஜெட். மலிவான வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றில் இருப்பது இதுதான். சாயம் மையில் கரைந்து இருக்கும். புதிதில் நிறம் துள்ளும். ஆனால் வெளிச்சமும் காற்றில் இருக்கிற ஓசோனும் பட்டால் சீக்கிரம் மங்கும்.

மூன்றாவது பிக்மென்ட் மை இன்க்ஜெட். இதில் நிறம் கரைந்து இருக்காது, நுண்ணிய திடத் துகள்களாக மையில் மிதக்கும். துகளின் வெளிப்பக்கம் ஒளியால் பழுதானாலும் உள்பக்கம் நிற்கும். கலைக்கூடங்களும் மியூசியங்களும் இன்க்ஜெட் என்றால் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இங்கே ஒரு சொல் உங்களைக் குழப்பும்: ஜிக்ளே. விலைப்பட்டியலில் அதைப் பார்த்தால் ஏதோ பிரெஞ்சுக்காரரின் பழைய கலை மாதிரித் தெரியும். உண்மையில் அது 1991இல் பிறந்த சொல். குரொஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் இசைக்குழுவின் கிரஹம் நாஷ் ஒரு புகைப்படக்காரரும்கூட. தன்னுடைய படங்களைப் பிரிண்ட் போட அவர் ஐரிஸ் 3047 என்ற பிரிண்டரை 1 லட்சத்து 26 ஆயிரம் டொலருக்கு வாங்கினார். அச்சகங்கள் மாதிரிப் பிரதி பார்ப்பதற்காகச் செய்த மெசின் அது. கலிபோர்னியாவில் அவர் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸில் வேலை செய்த ஜாக் டுகான், "இன்க்ஜெட்" எண்டு சொன்னால் கலைக்கூடங்கள் மதிக்காது என்று நினைத்து, மை பீச்சுவதைக் குறிக்கிற பிரெஞ்சு வார்த்தையிலிருந்து இந்தப் பெயரை உண்டாக்கினார். அந்த மெசின் இப்ப அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கு.

ஆனால் அந்த ஆரம்பகால ஐரிஸ் மை சாய மைதான். அழகாக வந்த படங்கள் சில வருசங்களிலேயே மங்கத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் நீடிக்கிற மைகளைத் தேடினார்கள். 2000ஆம் ஆண்டு எப்சன், பிக்மென்ட் மை போட்ட ஸ்டைலஸ் போட்டோ 2000பி பிரிண்டரை மேசையில் வைக்கிற அளவில் விற்கத் தொடங்கியது. ஜிக்ளே என்ற சொல் எந்த மை என்று சொல்லாது. ஆகவே லாப்பிடம் "ஜிக்ளேயா?" எண்டு கேட்காமல் "பிக்மென்ட் மையா?" எண்டு கேளுங்கோ.

"100 வருசம் மங்காது" என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேணும். நூறு வருசம் யாரும் காத்திருந்து பார்க்கவில்லை. பலமான விளக்குக்குக் கீழே பிரிண்டை வைத்து, சில மாதங்களில் நடந்ததை வருசக் கணக்காக மாற்றுவார்கள். ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வுக்கூடம், வீட்டுச் சுவரில் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் 450 லக்ஸ் வெளிச்சம் விழும் என்று வைத்துக் கணக்குப் போடும். கோடக் 120 லக்ஸ் என்று வைத்தது. ஒரே பிரிண்டுக்கு ஏறத்தாழ நாலு மடங்கு வித்தியாசமான விடை வரும். ஒரே கணக்கில் அளந்த இரண்டு பொருட்களை ஒப்பிட மட்டும் அந்த எண்களைப் பாவியுங்கோ.

காகிதம்

மூன்று குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பருத்திக் காகிதம்: மரக்கூழ் இல்லாமல் பருத்தி நாரால் செய்தது. மெற், தடிப்பு, தொட்டால் துணி மாதிரி இருக்கும். ஜேர்மனியின் ஹானெமியூலே 1584இலிருந்து காகிதம் செய்யும் நிறுவனம். அவர்களின் 308 கிராம் போட்டோ ராக் தான் பல லாப்களில் கேட்காமலே வருகிற காகிதம். மென்மையான வெளிச்சம், மூடுபனி, வயதான முகங்கள், இதற்கெல்லாம் நன்றாகப் பொருந்தும். மேல்பக்கம் இலகுவில் கீறுப்படும், விரல் படக் கூடாது.

பரைட்டா காகிதம்: பேரியம் சல்பேட் பூச்சு உள்ளது. பழைய இருட்டறைப் பிரிண்ட் மாதிரி மெல்லிய பளபளப்பு, ஆழமான கறுப்பு. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும், இரவுப் படங்களுக்கும், கோயில் திருவிழாவில் தீவட்டி வெளிச்சத்தில் எடுத்த படங்களுக்கும் நல்லது.

பிளாஸ்ரிக் பூச்சுக் காகிதம்: லஸ்ரர், சாட்டின், குளொஸ் என்று பெயர் இருக்கும். கைக்குக் கை மாறுகிற படங்களுக்கும் ஆல்பத்துக்கும் போதும்.

சில காகிதங்களை வெள்ளையாகக் காட்ட ஒளிர்வூட்டி இரசாயனம் சேர்ப்பார்கள். துணி வெளுக்கிற பவுடரில் இருப்பது மாதிரித்தான். காலம் போக அது வேலை செய்யாமல் போகும், காகிதம் மஞ்சளடித்த மாதிரித் தெரியும். சோதிக்கிறது லேசு: கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன யூவி டோர்ச்சை இருட்டில் காகிதத்தில் அடித்துப் பாருங்கோ. நீலமாகப் பளிச்சிட்டால் இரசாயனம் இருக்கு.

கன்வஸ், மெட்டல், அக்ரிலிக்

கண்ணாடி பிரேம் இல்லாத வழிகளும் இருக்கு. கன்வஸ் மலிவு, பாரமில்லை, ஆனால் நுணுக்கமான விவரங்கள் துணியின் இழைக்குள் மறையும். மேலே வார்னிஷ் பூசாவிட்டால் தூசும் கீறலும் நேரே மையில் விழும். மெட்டல் பிரிண்ட் என்பது பூச்சுப் போட்ட அலுமினியத் தகட்டுக்குள் ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் சாயத்தை இறக்குவது. ஈரத்துணியால் துடைக்கலாம், குசினிக்குப் பக்கத்துச் சுவருக்கு ஏற்றது.

அக்ரிலிக் முகப்பு என்பது பிரிண்டின் முகத்தையே அக்ரிலிக் தகட்டில் ஒட்டுவது. நிறம் கண்ணாடிக் குளத்துக்குள் இருப்பது மாதிரி ஆழமாகத் தெரியும். ஜேர்மனியப் புகைப்படக்காரர் அண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் "ரைன் 2" என்ற படம் இப்படி ஒட்டியதுதான். மூன்று மீட்டருக்கு மேல் அகலமான ஒரு சி-பிரிண்ட். 2011 நவம்பரில் நியூயோர்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 43 லட்சம் டொலருக்குப் போனது. அந்த நேரத்தில் ஒரு புகைப்படத்துக்கு ஏலத்தில் கிடைத்த ஆகக் கூடிய விலை அது. அப்படிப்பட்ட படமாக இருந்தாலும் பிரிண்டையும் அக்ரிலிக்கையும் இனிப் பிரிக்க முடியாது. அக்ரிலிக்கில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் படத்துக்கே விழுந்த மாதிரி. ஃபைல் கையில் இருக்கிற உங்கட படத்துக்குச் செய்யலாம், இன்னொன்று போடலாம்தானே. ஒரே ஒரு பிரதியான பழைய பிரிண்டைக் கடைக்காரர் இப்படி ஒட்டித் தாறன் எண்டு சொன்னால், வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

பிரேமுக்குள்ளே என்ன இருக்கு?

பிரேம் என்பது ஒரு அடுக்கு. முன்னால் கண்ணாடி, அதற்குப் பிறகு நடுவில் சன்னல் வெட்டிய மட்டை, பிறகு படம், பின்னால் தாங்குகிற அட்டை. அந்தச் சன்னல் மட்டையைக் கனடாவில் மேட் எண்டு கேட்க வேணும், இங்கிலாந்தில் மவுண்ட், ஜேர்மனியிலும் பிரான்சிலும் நோர்வேயிலும் பாஸ்பார்ட்டூ.

மட்டை அழகுக்கு மட்டும் இல்லை. படத்தைக் கண்ணாடியில் தொடவிடாமல் சில மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது அதன் முக்கியமான வேலை. மட்டை அமிலமில்லாததாக இருக்க வேணும். மலிவு மட்டையில் மரக்கூழின் லிக்னின் இருக்கும். சில வருசத்தில் சன்னல் விளிம்பு பழுப்பாகி, அந்தப் பழுப்பு படத்துக்கும் இறங்கும். பருத்தி மட்டை என்றால் ஆகச் சிறப்பு. புகைப்படத்தோடு சேர்த்து வைக்கிற பொருட்களுக்கு ஐஎஸ்ஓ 18916 என்ற சோதனை இருக்கு. அதில் தேறிய மட்டையா எண்டு கேட்கலாம்.

படத்தை மட்டையில் எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்பதையும் கேளுங்கோ. நல்ல முறை, மேல் ஓரத்தில் ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவது, அல்லது நாலு மூலையிலும் அமிலமில்லாத காகித மூலைகளுக்குள் செருகுவது. இரண்டையும் பிறகு கழற்றலாம். செலோடேப், ஸ்பிரே பசை, சூட்டில் ஒட்டுவது எல்லாம் படத்தோடு கலியாணம் முடித்த மாதிரி, பிரிக்க ஏலாது.

கண்ணாடியில் நாலு தெரிவு. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். யூவி கண்ணாடி 99 வீதம் தடுக்கும். மியூசியக் கண்ணாடி அதோடு பிரதிபலிப்பையும் அகற்றும், கண்ணாடி இருப்பதே தெரியாது, விலை கூட. அக்ரிலிக் பாரமில்லை, உடையாது, ஆனால் இலகுவில் கீறும். ஒன்றை மறக்கக் கூடாது: மங்கச் செய்வது புற ஊதா மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான். வெயில் விழுகிற சுவரில் எந்தக் கண்ணாடியும் படத்தை முழுக்கக் காப்பாற்றாது.

பிளாஸ்ரிக் பூச்சுக் காகிதத்தில் பிக்மென்ட் மையால் போட்ட பிரிண்டை அன்றைக்கே பிரேமுக்குள் மூடாதேங்கோ. மையில் இருக்கிற கரைப்பான் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் புகைமூட்டம் மாதிரிப் படியும். ஒரு நாளாவது, ஏலுமென்றால் இரண்டு மூன்று நாள், மேலே சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை மூடிக் காய விடுங்கோ.

அளவு தெரிந்தால் காசு மிச்சம்

பிரேம் கடைக்குப் போய் அளந்து செய்விப்பதுதான் செலவு. கடையில் ரெடியாக விற்கிற பிரேமுக்கு ஏற்ற மாதிரிப் படத்தை பிரிண்ட் பண்ணினால் அந்தச் செலவு பாதிக்கும் கீழே வரலாம். போன் படத்தின் விகிதம் 4:3, ஆகவே 30 × 40 சென்டிமீட்டர் வெட்டாமல் பொருந்தும். பெரிய கமராவின் விகிதம் 3:2, அதற்கு 20 × 30 அல்லது 40 × 60. ஏ4, ஏ3 இரண்டும் இந்த இரண்டு விகிதத்துக்கும் பொருந்தாது, ஓரம் வெட்டுப்படும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற சித்தப்பா காணாமல் போவது இப்படித்தான்.

30 × 40 படம் ஒன்றை 40 × 50 பிரேமுக்குள் வைத்தால் நாலு பக்கமும் 5 சென்டிமீட்டர் மட்டை வரும். பார்க்க நல்ல அளவு. ரெடி பிரேமோடு வருகிற மட்டையையும் பின் அட்டையையும் எடுத்துவிட்டு, அமிலமில்லாத மட்டை வெட்டுவித்துப் போடுங்கோ. முன்பக்கம் பிளாஸ்ரிக் தகடு என்றால், அதே அளவில் யூவி கண்ணாடி வெட்டித் தருவார்களா எண்டு கேளுங்கோ. மலிவு பிரேமுக்குள் நல்ல மட்டை இருந்தால் படம் தப்பும். விலை கூடின பிரேமுக்குள் மலிவு மட்டை இருந்தால் தப்பாது.

எங்கே மாட்டுவது?

சன்னலுக்கு நேரெதிர்ச் சுவர், ஹீட்டருக்கு மேல், குளியலறை, இந்த மூன்றும் வேண்டாம். ரொறன்ரோ, ஒஸ்லோ மாதிரி குளிர் ஊர்களில் வெளிச்சுவரிலும் கவனம். குளிர்காலத்தில் அந்தச் சுவர் குளிர்ந்து, பிரேமுக்குப் பின்னால் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும். பிரேமின் பின்பக்கக் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் பொட்டு இரண்டு ஒட்டினால் காற்றோட்டம் கிடைக்கும். மியூசியங்கள் மிகவும் நுட்பமான படங்களை 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். வீட்டில் அது சரிவராது, ஆனால் உள்சுவர் ஒன்று எப்பவும் இருக்கும்தானே.

சாமியறைக்கு வேற கணக்கு. தாத்தாவின் படத்துக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம், மாலை போடுவோம், முன்னால் விளக்கு எரியும், ஊதுபத்தி புகையும். அங்கே மியூசியக் கண்ணாடி காசுக்குக் கேடு. அதன் பூச்சில் ஒவ்வொரு விரல் அடையாளமும் தெரியும். அக்ரிலிக்கும் சரிவராது, துடைத்துத் துடைத்துக் கீறல் விழும். சாதாரண யூவி கண்ணாடியும், படம் கண்ணாடியில் தொடாமல் ஒரு மட்டையும் போதும். துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் தெளித்துத் துடையுங்கோ, கண்ணாடியில் நேரே தெளித்தால் ஓரத்தால் உள்ளே இறங்கும். எல்லாவற்றுக்கும் மேல், அங்கே வைப்பது பிரதியாக இருக்கட்டும். அசல் பெட்டிக்குள் இருக்கட்டும்.

கண்ணாடியில் ஒட்டிப்போன படம்

ஊரில் பழைய படங்களை மட்டை இல்லாமல் நேரே கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, காட்போட் அடித்து, ஆணி இறுக்கிவிடுவார்கள். எங்கட ஊர் ஈரப்பதனுக்கு ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் ஒட்டிப்போகும். அப்படி ஒரு படம் உங்கட வீட்டில் இருந்தால், இழுக்கவே வேண்டாம். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊறப் போடுகிற வீடியோக்களையும் பார்த்துச் செய்யாதேங்கோ. கண்ணாடியோடேயே ஸ்கான் பண்ணலாம், அல்லது இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, நேரே மேலிருந்து கமராவால் எடுக்கலாம். அதிலிருந்து நல்ல பிரிண்ட் போட முடியும். அசலைப் பிரிக்க வேணும் என்றால் அது புகைப்படப் பாதுகாப்பு நிபுணரின் வேலை.

90கள் வரைக்கும் வெளிநாட்டு வீடுகளில் எல்லாம் இருந்த, பசைக் கோடும் பிளாஸ்ரிக் தாளும் உள்ள ஆல்பங்களும் இப்படித்தான். அந்தப் பசை படத்தைத் தின்னும். முதலில் பக்கத்தோடு ஸ்கான் பண்ணுங்கோ. பிறகு மெழுகில்லாத பல் நூலைப் படத்துக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிப் பாருங்கோ. வராவிட்டால் விட்டுவிடுங்கோ. கழற்றின படங்களைப் பொலிப்ரொப்பிலீன் உறைக்குள் போட்டு அமிலமில்லாத பெட்டியில் வையுங்கோ. பிவிசி உறை வேண்டாம். நிலவறையும் கூரை அறையும் வேண்டாம், நீங்கள் படுக்கிற அறையின் அலுமாரி நல்லது.

லாப்பில் கேட்க ஆறு கேள்வி

1. பிக்மென்ட் மையா, சாய மையா?
2. காகிதம் பருத்தியா, ஒளிர்வூட்டி சேர்த்ததா?
3. ஐசிசி புரொஃபைல் தருவீங்களா, சின்னச் சோதனைப் பிரிண்ட் எடுக்கலாமா?
4. மட்டையும் பின் அட்டையும் அமிலமில்லாததா?
5. படத்தை எப்படிப் பிடிச்சு வைப்பீங்கள், பிறகு கழற்றலாமா?
6. கண்ணாடி யூவி தடுக்குமா?

இந்த ஆறுக்கும் தயங்காமல் பதில் சொல்கிற கடை என்றால் நம்பிக் கொடுக்கலாம். காசு காணாது என்றால் அளவைக் குறையுங்கோ, மையையும் மட்டையையும் குறைக்காதேங்கோ.

பிரிண்ட் கைக்கு வந்ததும், பிரேமுக்குள் போக முதல், பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கோ: யார், எங்கே, எந்த வருசம், ஆர் எடுத்தது. பளபளப்புக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது, அப்ப பின் அட்டையில் எழுதுங்கோ. பெயர் தெரியாவிட்டால் இந்தச் சனி அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ போன் எடுத்துக் கேளுங்கோ. நல்ல மையும் பருத்திக் காகிதமும் அறுபது வருசம் நின்று, அதில் இருக்கிறது ஆர் எண்டு வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போகக் கூடாது.

அடுத்த கிழமை எபிசோட்டில், எடுத்த ஃபைல்களை எங்கே, எத்தனை பிரதியாகச் சேமிப்பது என்று பார்ப்போம். நீங்கள் பிரேம் பண்ணப் போகிற படம் எது எண்டு இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதி அனுப்புங்கோ. காகிதம் தெரிவு செய்யிறதில் குழப்பம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கோ.